பெட்டிக்குச் சொந்தக்காரர் யார்?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் தடுப்புகளை இழுத்து வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுவார்கள், வயதானவர்கள் காற்று வாங்குவார்கள். எனக்கும் அந்தச் சாலை பிடிக்கும், குறை சொல்ல வரவில்லை. காற்றுக்கென்று ஒரு விதி போட்டு, அதை ஒருநாள் தவறாமல் நடைமுறைப்படுத்தவும் இந்த ஊருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால், வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பிரித்துப்போட்ட ஊர் இது. விதி கிழக்கே இருக்கிறது. லாரி மேற்கே இருக்கிறது.

எங்கள் வீடு மேட்டுப்பாளையம் பக்கம். லாரி நிலையம், தொழிற்பேட்டை, டயர் கடை, வெல்டிங் பட்டறை, ராத்திரி ஒரு மணிக்கும் அணையாத டீக்கடை அடுப்பு. இங்கேயும் சேதராப்பட்டிலும் ஏற்றப்படும் கன்டெய்னர்கள் திண்டிவனம் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூருக்கோ காட்டுப்பள்ளிக்கோ போகும். புதுச்சேரிக்கென்றே ஒரு துறைமுகம் தேங்காய்த்திட்டுப் பக்கம் இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே சரக்குக் கப்பல் விட்டால் சாலையில் லாரிகள் குறையும் என்றார்கள், 2023-இன் தொடக்கத்தில் கப்பலும் வந்தது. எங்கள் தெருமுனையில் லாரிகள் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்த லாரிகளில் ஒன்று என் அப்பாவுடையது. 2009 மாடல் டிரெய்லர். பதின்மூன்று வயதில் கிளீனராக வண்டியேறியவர், ஐம்பது தாண்டிய பிறகுதான் தன் பெயரில் ஒரு ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். அதுவும் ஃபைனான்ஸ்காரர் பெயரோடு சேர்ந்த பெயர். அண்ணன் மகளுக்கு ஏழு வயது. மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறையாவது நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது. அப்பா விடியற்காலையில் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினால், அண்ணி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். அந்த வண்டி ஓடி வரும் பணத்தில்தான் மருந்து வாங்குகிறோம். இந்தக் கட்டுரையை நான் இந்த ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நின்றுதான் எழுத முடியும்.

சில மாதங்களுக்கு முன் நகரத்தின் கிழக்குப் பகுதியில், ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் காற்று மாசு குறித்த கருத்தரங்கு நடந்தது. நல்ல மனிதர்கள், நல்ல தரவுகள். துறைமுகங்களுக்குள் பழைய லாரிகளை விடவே கூடாது, மீறி வந்தால் கடுமையான கட்டணம் போட வேண்டும் என்று ஒருவர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "புகை வருதுதான் பாப்பா, இல்லேன்னு சொல்ல முடியுமா? ஆனா பெட்டி என்னுதா? பெட்டிக்குச் சொந்தக்காரன் யாருன்னு ஒரு தடவையாவது அவங்க கேட்டாங்களா?" என்றார். கன்டெய்னரை அவர் பெட்டி என்றுதான் சொல்வார்.

யாரும் கேட்கவில்லை. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

முதலில் புகையைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. நுண்துகள் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அதே நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இந்தியச் சட்டம் 40 வரை அனுமதிக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 லாரிகளோடு ஒப்பிட்டால், அப்பா ஓட்டுகிற காலத்து வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட துகள் அளவு பத்து மடங்குக்கும் மேல். ஆகவே "லாரிக்காரன் வயிற்றில் அடிக்காதே" என்ற ஒற்றை வரியோடு இதைக் கடந்துபோக முடியாது. அந்தப் புகையை முதலில் குடிப்பவரே லாரிக்காரர்தான். கேபினுக்குள் உட்கார்ந்து, துறைமுக வாசலில் வரிசை நகர நகர எஞ்சினை அணைக்காமல், ராத்திரி முழுக்கக் குடிக்கிறார். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் டிரெய்லர்கள் நின்ற வருடங்களை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாலை விரிவாக்கத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒரு பெட்டியை உள்ளே சேர்க்க ஒரு நாள், இரண்டு நாள். காத்திருப்புக்கு வாடகை கிடையாது, கழிப்பறை கிடையாது. எரிந்த டீசல் மட்டும் அப்பா கணக்கில்.

இப்போது பழைய லாரி எப்படிப் பழைய லாரி ஆகிறது என்று பாருங்கள். புது வண்டியைப் பெரிய நிறுவனம் வாங்குகிறது. ஏழெட்டு வருடம் நெடுந்தூரம் ஓட்டி, தேய்மானக் கணக்கு எழுதி, வரிச்சலுகை பெற்று, விற்றுவிடுகிறது. அடுத்து வாங்குபவர் நாலைந்து வண்டி வைத்திருப்பவர். அவரும் சில வருடம் ஓட்டிவிட்டு விற்கிறார். நெடுந்தூரம் தாங்காத அந்த வண்டி, தொழிற்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஓடும் குறுந்தூர வேலைக்கு வந்து சேர்கிறது, என் அப்பா மாதிரி ஒருவர் கைக்கு. வங்கி கடன் தராது. ஃபைனான்ஸ்காரர் தருவார், அவர் சொல்லும் வட்டிக்கு. லாபத்தையெல்லாம் மேலே இருப்பவர்கள் எடுத்து முடித்த பிறகு, புகை மட்டும் மிச்சமிருக்கும் நிலையில் வண்டி கீழே வருகிறது. சரியாக அந்த நேரத்தில் சட்டமும் வந்து, இது யார் வண்டி என்று கேட்கிறது.

லாரித் தொழிலில் முதல் போட்டவர்கள் யார், அந்த முதல் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதை நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து வரலாற்றைப் படிப்பவர்கள் சொல்லட்டும். எங்கள் தெருவில் நிலம் யாருக்கும் இல்லை. கிளீனராக ஏறி, ஓட்டுநராக இறங்கி, கடைசி காலத்தில் ஒரு பழைய வண்டிக்கு டியூ கட்டியவர்கள்தான் உண்டு. சாதி இங்கே பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. எத்தனையாவது கை என்ற கணக்கில் வருகிறது.

ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டில் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையை அறிவித்தது. 15 ஆண்டு கடந்த லாரிக்குத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 12,500 ரூபாய் ஆனது. அதற்கு முன் 1,500 ரூபாய். தமிழ்நாட்டில் ஏழாண்டு கடந்த வணிக வாகனங்களுக்குப் பசுமை வரியும் உண்டு. வண்டியைக் கழித்தால் புது வண்டிக்கு வரிச்சலுகை தருகிறார்களாம். புது டிரெய்லரின் விலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எஃப்.சி. காட்டும் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் நகை அடகுக்குப் போகும். பத்தாயிரம் சொச்சம் கூடுதலாகக் கட்டியதால் வண்டியின் புகை ஒரு துளி குறைந்ததா? குறையவில்லை. கட்டணம் எஞ்சினைத் தொடவில்லை, அம்மாவின் கம்மலைத்தான் தொட்டது.

டெல்லியில் இதைவிடப் பெரிய சோதனையே நடந்திருக்கிறது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில், நகருக்குள் நுழையும் சரக்கு வாகனங்களுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. சிறிய வண்டிகளுக்கு 700, பெரிய லாரிகளுக்கு 1,300 ரூபாய். டிசம்பரில் இரட்டிப்பாக்கி 1,400, 2,600 என்றது. டெல்லியைச் சும்மா கடந்துபோகும் லாரிகள் சுற்றிப் போகட்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தில் தவறில்லை. ஆனால் பணம்? இரண்டு வருடத்தில் எழுநூறு கோடி ரூபாய்க்கும் மேல் சேர்ந்தது, அதில் ஏறக்குறைய எதுவுமே செலவழிக்கப்படவில்லை என்று 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. சுங்கச்சாவடியில் ஓட்டுநர் நீட்டிய பணம் அரசுக் கணக்கில் தூங்கியது. சாலையோரக் குடிசையில் இருந்த குழந்தை இருமிக்கொண்டுதான் இருந்தது.

அமெரிக்காவின் கதை வேறுவிதமானது, நமக்குக் கூடுதலாகப் பயன்படுவது. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் என்ற இரட்டைத் துறைமுகங்களைச் சுற்றி வாழ்பவர்களில் பெரும்பான்மையினர் லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட உழைக்கும் மக்கள். துறைமுகத்தையும் நெடுஞ்சாலையையும் ஒட்டிய தங்கள் பகுதியை டீசல் சாவு மண்டலம் என்றே அழைத்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டு, தெருவில் நின்று கொடுத்த அழுத்தம் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. 2008 அக்டோபர் 1-இல் 1989-க்கு முந்தைய மாடல் லாரிகள் துறைமுகத்துக்குள் தடைசெய்யப்பட்டன. 2012-க்குள் படிப்படியாகப் பழையவை அனைத்தும் வெளியேற்றப்பட்டன. 2009 பிப்ரவரியிலிருந்து இருபது அடிப் பெட்டி ஒன்றுக்கு 35 டாலர் கட்டணம் வசூலித்தார்கள். கவனியுங்கள், லாரிக்கு அல்ல, பெட்டிக்கு. கட்ட வேண்டியவர் சரக்கின் உரிமையாளர். அந்தப் பணம் புது லாரி வாங்க உதவியாகப் போனது. லாரிகளின் டீசல் துகள் வெளியீடு சில ஆண்டுகளிலேயே 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

என் அப்பா பத்தாவதுகூடப் படிக்காதவர். லாஸ் ஏஞ்சலிஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத்தான் அந்தத் துறைமுகம் கேட்டிருந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் இன்னொன்றையும் சொன்னது: லாரி நிறுவனங்கள் ஓட்டுநர்களைத் தங்கள் தொழிலாளர்களாக, சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வண்டியைப் பராமரிக்கும் செலவு நிறுவனத்துடையதாக இருக்கும். லாரி நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை மட்டும் நீக்கிவிட்டது. தூய லாரி வேண்டும் என்ற விதி நின்றது, லாரிக்கு யார் பொறுப்பு என்ற விதி விழுந்தது. உடனே நிறுவனங்கள் புது லாரியை வாங்கி, ஓட்டுநர் தலையில் குத்தகைக் கடனாக ஏற்றின. நீ தொழிலாளி இல்லை, நீயே முதலாளி என்றன. வாரம் முழுக்க ஓட்டியும் தவணைப் பிடித்தம் போகச் சில்லறையோடு வீடு திரும்பிய ஓட்டுநர்களைப் பற்றி 2017-இல் யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ் விரிவாக எழுதியது. ஒரு தவணை தவறினால் வண்டியும் போய், கட்டிய பணமும் போய்விடும். வாசிக்கும்போது எனக்கு மேட்டுப்பாளையம் நினைவுக்கு வந்தது. அப்பாவின் வண்டி ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் 'அட்டாச்' ஆகியிருக்கிறது. வேலை அவர்கள் சொல்வது, வாடகை அவர்கள் சொல்வது, பழுது செலவு மட்டும் அப்பாவுடையது. அவரை அந்த அலுவலகத்தில் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். உட்காரச் சொல்வதில்லை.

தோழர்கள் சிலர் கேட்கலாம், சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் லாரிப் புகைக்கு என்ன வேலை என்று. சுற்றுச்சூழல் என்றாலே மரம் நடுகிற மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்ற சந்தேகம் நமக்கு உண்டு. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால், ஊருக்குள் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று பார்த்து, சேரியைத் தொட்ட காற்று ஊரைத் தொடாதபடி இடம் ஒதுக்கினார்கள் என்பார் என் தாத்தா. காற்றை வைத்து மனிதரைப் பிரிக்கும் வேலையை நாம் தொடங்கவில்லை.

அந்த வேலை நவீன நகரத்திலும் நடக்கிறது, சட்டப்படியே நடக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் பல ஆண்டுகள் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்டன. கரித்தூள் ராயபுரத்தில் விழுந்தது, துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கும் உயர் நீதிமன்றத்தின் மீதும் விழுந்தது. 2011 மே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது: அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் தாதும் கையாளக்கூடாது, எண்ணூருக்கு மாற்ற வேண்டும். ராயபுரத்து மக்களுக்கு அது நல்ல தீர்ப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணூர் ஆளில்லாத தீவு அல்ல. அங்கே காட்டுக்குப்பம் இருக்கிறது, முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் சேற்றில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமந்துகொண்டிருந்த இடம். நிலக்கரித் தூசி ஒழிக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. நிலக்கரிக்குப் பின்னால் லாரியும் போனது.

நம் ஒன்றியப் பகுதிக்குள்ளேயே இன்னொன்று உண்டு. 2009-இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் வாஞ்சூரில் இருக்கிறது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. துறைமுகத்தின் முக்கியச் சரக்கு நிலக்கரி. கரித்தூள் வீட்டுக்குள் வருகிறது, துணி காயப்போட முடியவில்லை என்று நாகூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். துறைமுகம் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தின் எல்லைக்குள், இருமுகிறவர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எல்லைக்குள். காற்றுக்கு எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். 2023-இல் திவால் நடவடிக்கையின் வழியாக அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்கு அந்தத் துறைமுகத்தை வாங்கியது. அந்தக் கைமாற்றத்தில் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நாகூர்க்காரர்களின் நுரையீரலுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது.

அதே 2023-இல் ஒன்றியத் துறைமுக அமைச்சகம் 'ஹரித் சாகர்' என்ற பசுமைத் துறைமுக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. துறைமுகத்தின் சொந்த வாகனங்கள், கருவிகளில் பாதிக்கு மேல் 2030-க்குள் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அது சுற்றுச்சுவருக்கு உள்ளே ஓடும் வாகனம். சுவருக்கு வெளியே வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான லாரிகள் துறைமுகத்தின் கணக்கில் வருவதில்லை. அவை தனியாருடையவை. அதாவது என் அப்பாவுடையவை.

நான் கேட்பது சிக்கலானதல்ல. துறைமுகத்துக்குள் போகும், வெளியே வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காற்றுக் கட்டணம் போடுங்கள். சரக்கின் உரிமையாளர் துறைமுகத்துக்கு மற்றக் கட்டணங்களைக் கட்டும்போதே இதையும் கட்டட்டும். சுங்கச்சாவடியில் ஓட்டுநரிடம் கை நீட்டாதீர்கள். இருபது அடிப் பெட்டிக்கு 500 ரூபாய் என்று வையுங்கள். அதற்குள் பத்தாயிரம் சட்டைகள் இருந்தால் ஒரு சட்டைக்கு ஐந்து காசு. ஏற்றுமதி அழிந்துவிடும் என்று யாராவது அறிக்கை விட்டால் இந்த ஐந்து காசை நினைவில் வையுங்கள். நிலக்கரிக்கு டன் கணக்கில் போடலாம்.

அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் சண்டை இருக்கிறது. ஒற்றை வண்டி வைத்திருப்பவரின் பழைய வண்டியை நியாயமான விலைக்கு வாங்கிக் கழிக்கவும், புதிய வண்டிக்கு மானியமாகவும் போக வேண்டும். கடனாகக் கொடுத்தால் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததே இங்கும் நடக்கும். அட்டாச் வண்டி என்ற பெயரில் ஆளை வைத்து வேலை வாங்கும் நிறுவனம், வண்டியின் தகுதிக்கும் ஓட்டுநரின் மருத்துவத்துக்கும் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். வாசலில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் காக்கவைத்தால் துறைமுகம் ஓட்டுநருக்குக் காத்திருப்புப் பணம் கொடுக்க வேண்டும். காசு போகும் என்று தெரிந்தால் வரிசை தானாகக் குறையும். வரிசை குறைந்தாலே புகையில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதற்குப் புது எஞ்சின்கூட வேண்டாம். மிச்சத்தைச் சாலையோரத்துக் குடியிருப்புகளுக்கும் குப்பங்களுக்கும் செலவிடும் குழுவில் அங்கே வாழ்கிறவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெல்லிப் பணம் போலத் தூங்கும், அல்லது கடற்கரைச் சாலைக்குப் புது விளக்குக் கம்பமாக மாறும்.

இதெல்லாம் நடந்த பிறகு பழைய லாரிக்குத் தடை போடுங்கள். முதல் ஆளாக அப்பாவே சாவியைக் கொடுப்பார், எனக்குச் சந்தேகமில்லை. அந்த வண்டி மீது அவருக்குப் பெரிய பாசமெல்லாம் இல்லை. ஸ்டியரிங் திருப்பித் திருப்பி வலது தோள் போய்விட்டது.

இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சட்டைக் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஐந்து காசா? சரியாப் போட்டியா?" என்றார். மறுபடியும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வரும் மாதம் எஃப்.சி. இருக்கிறது, அம்மாவிடம் இப்போதே சொல்லாதே என்றார்.